பட்டன் ஏன் மங்கிக் கிடக்குது? - வரைபட மென்பொருளும் நம் அவஸ்தையும்

வரைபட மென்பொருள் படிக்கும் யாரிடம் கேட்டாலும் ஒரே புலம்பல்தான் வரும். "சார் செஞ்சு காட்டும்போது அந்தப் பட்டன் வேலை செஞ்சுது, நான் செய்யும்போது மங்கிக் கிடக்குது." பிழைச் செய்தி வந்தாலாவது அதை அப்படியே கூகிளில் போட்டுத் தேடலாம். மங்கிய பட்டன் வாயே திறக்காது. அழுத்தினால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தப் பதிவில் இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, பட்டன் மங்கிக் கிடந்தால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பது. இரண்டாவது என் கருத்து: இதில் பாதித் தப்பு மென்பொருள் செய்பவர்கள் மேல், மீதிப் பாதி நமக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை மேல். நேரமில்லாதவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு லேபுக்கு ஓடலாம் :-)

முதலில் ஒரு அடிப்படை. மங்கிய பட்டன் என்றால் மென்பொருள் கெட்டுப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. "இதைச் செய்ய ஒரு நிபந்தனை இருக்கு, அது இன்னும் நிறைவேறலை" என்றுதான் அர்த்தம். 1984-ல் வந்த மெக்கின்டாஷிலேயே இந்த வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் செய்ய முடியாத கட்டளைகளை மெனுவில் மங்கலாகக் காட்டுவார்கள். வேர்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் "கட்" மங்கி இருக்கிறதே, அதே கதைதான். ஆனால் வேர்டில் ஒரு நிபந்தனை, வரைபட மென்பொருளில் ஏழெட்டு. அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

இனி கேள்விகள். நம்மில் பெரும்பாலானோர் க்யூஜிஐஎஸ் பயன்படுத்துவதால் அதை வைத்தே சொல்கிறேன். பழைய லேப்களில் பழகியவர்களுக்காக ஆர்க்மேப்பையும் இடையிடையே சொல்கிறேன். (ஆர்க்மேப்புக்கு 2026 மார்ச் 1 வரைதான் ஆதரவு என்று எஸ்ரி நிறுவனமே முன்கூட்டி அறிவித்துவிட்டது. ஆனாலும் நம் சிலபஸ் புத்தகங்களில் அது சாகாவரம் பெற்றது.)

1. எந்த லேயர் தேர்வாகியிருக்கிறது?

பத்தில் ஆறு பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். க்யூஜிஐஎஸ்ஸில் பென்சில் பட்டன் இடப்பக்கப் பட்டியலில் தேர்வாகியிருக்கும் லேயரைத்தான் பார்க்கும், வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிகிற லேயரை அல்ல. பின்னணிக்காகச் சேர்த்த செயற்கைக்கோள் படமோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் லேயரோ பட்டியலில் தேர்வாகியிருந்தால் பென்சில் மங்கித்தான் இருக்கும். அது படம், அதைத் திருத்த முடியாது. உங்கள் ஏரி லேயரின் பெயர்மேல் ஒரு கிளிக் செய்தால் போதும், பென்சிலுக்கு உயிர் வந்துவிடும்.

2. லேயர் என்ன வகை?

பாலிகனுக்கு நடுவில் ஓட்டை போடும் ஆட் ரிங் கருவி புள்ளி லேயரில் வேலை செய்யாது. புள்ளியில் எங்கே ஓட்டை போடுவது? கோட்டின் திசையைத் திருப்பும் கருவியும் பாலிகன் லேயருக்கானது அல்ல. கேட்டால் சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் கோடு லேயர் என்று நினைத்து ஏரிக்கரையைப் பாலிகனாக வரைந்து வைத்திருப்பவருக்கு இது புதிராகத்தான் இருக்கும்.

3. எடிட்டிங் தொடங்கியாகிவிட்டதா?

பென்சிலை அழுத்தினால்தான் வரைகிற, வெட்டுகிற, சேர்க்கிற கருவிகள் எல்லாம் விழிக்கும். ஆர்க்மேப்பில் எடிட்டர் டூல்பாரில் ஸ்டார்ட் எடிட்டிங் கொடுக்க வேண்டும். அங்கே இன்னொரு குசும்பு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரையோ ஒரு ஜியோடேட்டாபேஸையோதான் திருத்த முடியும். சாலை ஒரு ஃபோல்டரிலும் கால்வாய் இன்னொரு ஃபோல்டரிலும் இருந்தால் ஒன்று திருத்தத்தில் இருக்கும்போது மற்றது கதவைச் சாத்திக்கொள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அட்டவணையில் புதிய நிரல் ஒன்றைச் சேர்க்கும் வேலைக்கு இரண்டு மென்பொருளிலும் நிபந்தனை நேர் எதிர். க்யூஜிஐஎஸ்ஸில் எடிட்டிங் தொடங்கினால்தான் அந்தப் பட்டன் வேலை செய்யும். ஆர்க்மேப்பில் எடிட்டிங் தொடங்கியிருந்தால் அது மங்கிவிடும், நிறுத்தினால்தான் வரும். ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. காரணம் தெரிந்தால் எளிது. க்யூஜிஐஎஸ் எல்லா மாற்றங்களையும் முதலில் நினைவில் வைத்துக்கொண்டு, சேமி என்று சொன்ன பிறகுதான் ஃபைலில் எழுதுகிறது. நிரல் சேர்ப்பதும் அதில் ஒன்று. ஆர்க்மேப்புக்கு நிரல் சேர்ப்பது என்பது அட்டவணையின் அமைப்பையே மாற்றுவது. அதற்கு ஃபைல் முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும், யாரும் உள்ளே திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டில் ஆள் இருக்கும்போது சுவரை இடிக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான்.

4. எதையாவது தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா?

சேர்க்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு வேண்டும். ஆர்க்மேப்பில் மெர்ஜ் கட்டளைக்கு இரண்டு உருவங்களாவது தேர்வாகியிருக்க வேண்டும். கோட்டைப் பிளக்கும் ஸ்பிளிட் கருவிக்குச் சரியாக ஒரே ஒரு கோடு. கூட ஒன்று தேர்வாகியிருந்தாலும் போச்சு. நீங்கள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வெளியே, திரையில் தெரியாத மூலையில் ஒரு கோடு தேர்வாகிக் கிடக்கும். ஒருமுறை தேர்வை முழுவதும் நீக்கிவிட்டுத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

5. ஃபைல் எழுத விடுகிறதா?

லேயரும் சரி, வகையும் சரி, ஆனாலும் பென்சிலே மங்கி இருக்கிறது என்றால் சந்தேகம் ஃபைல் மேல் போக வேண்டும். சி.எஸ்.வி ஃபைலைச் சேர்த்துப் புள்ளிகளாகக் காட்டியிருந்தால் அது பார்க்க மட்டும்தான், திருத்த முடியாது. இணையத்திலிருந்து இறக்கிய ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே இழுத்துப் போட்டாலும் க்யூஜிஐஎஸ் திறந்து காட்டிவிடும். ஆனால் அதில் எழுத முடியாது. இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து: லேயர்மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் வழியாக ஜியோபேக்கேஜாகவோ ஷேப்ஃபைலாகவோ புதிதாகச் சேமித்து, அந்தப் புதிய லேயரில் வேலை செய்யுங்கள்.

சீனியர் கொடுத்த புராஜெக்ட் ஃபைலா? புராஜெக்ட் பிராப்பர்டீஸில் டேட்டா சோர்சஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒவ்வொரு லேயருக்கும் ரீட்-ஒன்லி என்று ஒரு கட்டம் இருக்கும். யாராவது புண்ணியவான் டிக் போட்டு வைத்திருக்கலாம். போஸ்ட்ஜிஐஎஸ் டேட்டாபேஸிலிருந்து வரும் லேயர் என்றால், அந்த அட்டவணையில் எழுத உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இருக்கிறதா, அட்டவணைக்குப் பிரைமரி கீ இருக்கிறதா என்று டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.

6. எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

ஆர்க்மேப்பில் இன்சர்ட் மெனுவில் லெஜெண்ட், வடக்கு அம்புக்குறி, ஸ்கேல் பார் எல்லாம் மங்கிக் கிடந்தால் நீங்கள் டேட்டா வியூவில் இருக்கிறீர்கள். லேஅவுட் வியூவுக்கு மாறினால் எல்லாம் வந்துவிடும்.

க்யூஜிஐஎஸ்ஸில் இதற்குச் சமமானது கொஞ்சம் ஆழமானது. கோணமும் தூரமும் எண்ணாகக் கொடுத்துத் துல்லியமாக வரைவதற்கு அட்வான்ஸ்டு டிஜிட்டைசிங் என்று ஒரு பலகை உண்டு. பல பதிப்புகளில், புராஜெக்ட் அட்சரேகை தீர்க்கரேகையில் இருந்தால் இந்தப் பலகை வேலை செய்யாது. இது நியாயமான மறுப்பு. டிகிரி என்பது தூரத்துக்கான அலகு இல்லையே. நிலநடுக்கோட்டில் தீர்க்கரேகை ஒரு டிகிரி என்றால் சுமார் 111 கிலோமீட்டர். சென்னை இருக்கும் அட்சரேகையில் அதுவே சுமார் 108 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு அளவு, வடக்கு தெற்காக ஒரு அளவு என்றால் 90 டிகிரி மூலை எப்படி உண்மையான செங்கோணமாகும்? ஜன்னலின் வலது கீழ் மூலையில் இருக்கும் இ.பி.எஸ்.ஜி எண்ணை அழுத்தி மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற்றுங்கள். நமக்கு யு.டி.எம் போதும். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே, அதாவது சென்னை, மதுரை என்றால் 32644. மேற்கே, கோவை என்றால் 32643.

7. உரிமமும் நீட்சியும்

சரிவு, நீர்வடி பகுதி என்றெல்லாம் கணக்குப் போட ஆர்க்மேப்பில் ஸ்பேஷியல் அனலிஸ்ட் என்ற நீட்சி வேண்டும். அதற்கு இரண்டு பூட்டு. ஒன்று காசு கொடுத்து வாங்கிய உரிமம். இன்னொன்று கஸ்டமைஸ் மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்தில் போட வேண்டிய ஒரு டிக். (9.x பதிப்புகளில் இது டூல்ஸ் மெனுவில் இருந்தது.) உரிமம் இருந்தும் டிக் போடாததால் டூல்பார் முழுவதும் மங்கிக் கிடப்பது மிகச் சாதாரணம். க்யூஜிஐஎஸ்ஸில் உரிமப் பூட்டு இல்லை. ஆனால் பிளகின்ஸ் பட்டியலில் பிராசஸிங் என்பதன் டிக் போய்விட்டால், வெக்டர் மெனுவில் பஃபர், கிளிப் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் காணாமல் போகும். திரும்ப டிக் போட்டால் திரும்ப வரும்.

ஏழு கேள்வி, அவ்வளவுதான். இந்த வரிசையில் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது இந்த ஏழில் எதற்கும் மருந்து இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் நம் லேபில் முதல் வைத்தியமே அதுதான்! டிக் போடாத ஒரு கட்டத்துக்காக ஒரு மதியம் முழுவதும் மறு நிறுவல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக நிறுவினாலும் அந்த நீட்சிக்கு டிக் போட வேண்டியது நாம்தானே.

இனி என் கருத்து.

மேலே சொன்ன ஏழையும் திரும்பப் பாருங்கள். முதல் ஆறும் நான் செய்யாமல் விட்ட ஏதோ ஒன்று. ஏழாவதில் பாதி நான் காசு கொடுக்காத ஒன்று. இந்த இரண்டும் திரையில் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிகின்றன. "நீ இன்னும் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கலை" என்பதற்கும் "உன் கல்லூரி இதுக்குப் பணம் கட்டலை" என்பதற்கும் ஒரே நிறம். இதுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. முதலாவதை நானே ஒரு நிமிடத்தில் சரிசெய்துகொள்வேன். இரண்டாவதை நான் தலைகீழாக நின்றாலும் சரிசெய்ய முடியாது, வேறு வழி தேட வேண்டும். எது என்று தெரியாத மாணவர் என்ன செய்வார்? ஒன்று, தனக்குத்தான் வராது என்று முடிவுகட்டிவிடுவார். இல்லையென்றால் யாரோ கொடுத்த திருட்டுப் பிரதியை வைரஸோடு சேர்த்து நிறுவுவார். மாற்று வழி பக்கத்திலேயே இருப்பது தெரியாமல் போய்விடும். ஆர்க்மேப்பில் எரேஸ் கருவிக்கு இருப்பதிலேயே உயர்ந்த நிலை உரிமம் வேண்டும். அதே வேலையை க்யூஜிஐஎஸ்ஸில் டிஃபரன்ஸ் கருவி சும்மாவே செய்துவிடும். காரணம் தெரிந்தால்தானே மாற்றைத் தேடத் தோன்றும்?

"அப்படியென்றால் எந்தப் பட்டனையும் மங்க வைக்கவே கூடாது" என்று ஒரு கட்சி உண்டு. மென்பொருள் பற்றி நிறைய எழுதிய ஜோயல் ஸ்போல்ஸ்கி 2008-ல் இதையே சொன்னார். பட்டனை மறைக்காதே, மங்க வைக்காதே, அழுத்த விடு, அழுத்திய பிறகு ஏன் முடியாது என்று சொல் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதி உடன்பாடு. வரைபட மென்பொருளில் நூற்றுக்கணக்கான கருவிகள். எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றை அழுத்தும்போதும் ஒரு செய்திப் பெட்டி வந்து நின்றால் புதிதாகப் படிப்பவர் வெறுத்துப் போவார். மங்கல் ஒரு வேலையைச் செய்கிறது. இப்போது எதெல்லாம் முடியும் என்பதை ஒரு பார்வையில் காட்டுகிறது. ஆகவே மங்கட்டும். ஆனால் மவுஸை மேலே கொண்டுபோனால் காரணத்தைச் சொல்லட்டும்.

இது நடக்காத காரியமா? இல்லவே இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்த 2013-ல் வந்த ஐடி என்ற எடிட்டரைப் பாருங்கள். ஒரு கோட்டை வட்டமாக்கப் போனால், பட்டன் மங்கி இருந்தாலும், இது மூடிய வளையம் இல்லை, அதனால் வட்டமாக்க முடியாது என்று அங்கேயே சொல்லிவிடும். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு புள்ளி வைக்கப் போனால் கிட்டே வந்து திருத்தச் சொல்லும். ஆர்க்மேப்புக்கு அடுத்து 2015-ல் வந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோவிலும் மங்கிய பட்டனுக்குக் காரணம் எழுத இடம் வைத்திருக்கிறார்கள், ஒரு லேயரை ஏன் திருத்த முடியவில்லை என்று பார்க்க ஸ்டேட்டஸ் என்று ஒரு வசதியும் உண்டு. நான் ஆறாவதில் சொன்ன க்யூஜிஐஎஸ் பலகையும் டிகிரியில் வேலை செய்ய மாட்டேன், புராஜெக்டின் முறையை மாற்று என்று எழுதிக் காட்டியது. ஆக, செய்யத் தெரியும். எல்லா இடத்திலும் செய்யவில்லை. பட்டனை மங்க வைக்கும் நிரல் வரியில் காரணம் ஏற்கனவே இருக்கிறது. அதை ஒரு வாக்கியமாக எழுதிக் காட்டுவதுதான் பாக்கி.

இன்னொரு கோணமும் உண்டு. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் படிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று 2008-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.0 விதிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் போதுமான வேறுபாடு வேண்டும் என்கின்றன. ஆனால் செயல்படாத பட்டன்களுக்கு அதிலிருந்து விலக்கு. அதாவது பார்வை குறைந்த ஒருவருக்கு, எந்தப் பட்டன் ஏன் மங்கியது என்பதைவிட, அது என்ன பட்டன் என்பதே தெரியாமல் போகலாம். விதி அதை அனுமதிக்கிறது.

சரி, மென்பொருள்காரர்களைத் திட்டியாகிவிட்டது. நம் பக்கம்?

நமக்கு லேப் ரெக்கார்டில் கொடுப்பது கிளிக் பட்டியல். "இந்த மெனு, இந்தக் கட்டளை, ஓகே." பத்துப் படிகள், பத்தாவதில் வரைபடம். நடுவில் ஒரு பட்டன் மங்கினால் பதினொன்றாவது படி யாருக்கும் தெரியாது. இந்தப் படி ஏன், இதற்கு முன்னால் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட அந்த ரெக்கார்டில் இல்லை. ஆகவே மாணவர் குறுக்குவழி தேடுகிறார். லெஜெண்ட் மங்கி இருந்ததால் திரையைப் படம் பிடித்து, பெயிண்டில் ஒட்டி, ஸ்கேல் பாரைக் கையால் வரைந்து ரெக்கார்டில் வைத்தவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. பார்க்க அழகாக இருக்கிறது. மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஸ்கேல் பாரை நம்பி யாராவது தூரம் அளந்தால்?

ரெக்கார்டு நோட்டில் இருக்கும்வரை இது சிரிக்கிற விஷயம். ஆனால் வரைபடம் நோட்டோடு நிற்பதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சாதாரண மக்கள் குறித்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் லேயர் ஏன் திறக்கவில்லை என்று ஒரு மதியத்தை வீணாக்க முடியாது. நாளைக்கு நம்மில் ஒருவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏரியின் எல்லையை வரைவார். அந்த எல்லைக்கு உள்ளே யார் வீடு, வெளியே யார் வீடு என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கும். "டூல் வேலை செய்யலை, அதனால கையால இழுத்துட்டேன்" என்று அங்கே சொல்ல முடியாது.

ஆகவே சொல்லிக் கொடுக்கும் சார்களுக்கும் மேடம்களுக்கும் ஒரு பணிவான யோசனை. ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு பட்டனையாவது வேண்டுமென்றே மங்க வைத்துக் கொடுங்கள். ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலைக் கொடுங்கள். டிகிரியில் இருக்கும் புராஜெக்டைக் கொடுங்கள். எது தடுக்கிறது, ஏன் தடுக்கிறது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்கு மதிப்பெண் கொடுங்கள். வைவாவில் "இந்தக் கருவி எந்த மெனுவில் இருக்கிறது" என்று கேட்பதைவிட "இது எப்போது வேலை செய்யாது" என்று கேட்டுப் பாருங்கள். புரிந்தவர் யார், மனப்பாடம் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வகுப்புத் தோழர்களுக்கு: ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் மங்கிய கருவி, வலப்பக்கம் காரணம். செமஸ்டர் முடிவில் அது சிலபஸ் புத்தகத்தைவிட உபயோகமாக இருக்கும். நான் மேலே எழுதிய ஏழும் அப்படிச் சேர்ந்தவைதான். எட்டாவது காரணம் உங்களிடம் இருந்தால் பின்னூட்டத்தில் போடுங்கள். எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, என்ன செய்ததும் வேலை செய்தது என்று மூன்றையும் எழுதுங்கள். "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதினால் அடுத்து வருகிறவருக்குப் பிரயோசனம் இல்லை.